குடிபெயரும் முன்: சிறு தொழிலின் இணையதளத்துக்கு எந்த பில்டர்?

சிறு தொழில் நடத்துபவர்கள் இணையதளத்தைப் புதிய வெப்சைட் பில்டருக்கு (நிரல் எழுதாமலே தளம் கட்ட உதவும் சேவை) மாற்ற நினைக்கும்போது முதலில் கேட்பது, "எதில் டெம்ப்ளேட் அழகாக இருக்கிறது?" என்பதுதான். நான் கேட்கச் சொல்வது வேறு இரண்டு கேள்விகள். என் பழைய பக்கங்களின் முகவரிகள் அங்கே என்ன ஆகும்? நாளை அங்கிருந்து கிளம்ப நேர்ந்தால் எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போக முடியும்? அழகை எந்த பில்டரிலும் ஒரு வாரத்தில் கொண்டுவந்துவிடலாம். ஆறேழு ஆண்டுகளாகத் தேடுபொறியில் வேர்விட்ட பக்கத்தைத் தொலைத்துவிட்டால் மீட்க மாதங்கள் ஆகும்.

கிளம்பும் நாளை எப்போதும் நாமே தீர்மானிப்பதில்லை. கூகுள் பிசினஸ் புரொஃபைல் (கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் தெரியும் வணிகக் குறிப்பு) வழியாக இலவசமாக அமைக்க முடிந்த தளங்களை கூகுள் 2024 மார்ச்சில் நிறுத்தியது. அந்த முகவரிக்கு வந்தவர்களை வணிகக் குறிப்புக்குத் திருப்பிவிடும் ஏற்பாடும் அதே ஆண்டு ஜூன் 10 வரைதான் நீடித்தது. சொந்த டொமைன் (தளத்துக்கான தனிப் பெயர்) வைத்திருந்தவர்கள் புதிய தளம் கட்டி அதே பெயரில் தொடர முடிந்தது. மற்றவர்களுக்கு அச்சிட்ட பெயர் அட்டைகள்கூட வீணாயின.

முதல் வழி, தளம் இப்போது இருக்கும் பில்டர் நிறுவனத்தின் புதிய பதிப்புக்கே மாறுவது. கணக்கு, டொமைன், கட்டணம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த வசதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 'ஒரே கிளிக்கில் மாற்றித் தருகிறோம்' என்ற பொத்தான் பெரும்பாலும் எழுத்தையும் படத்தையும்தான் கொண்டுவரும். தேடல் முடிவில் தெரியும் தலைப்பும் விவரக் குறிப்பும், படங்களுக்கான மாற்று உரை, விசாரணைப் படிவம் எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது என்ற அமைப்பு ஆகியவை வழியில் உதிர்ந்துவிடலாம். இவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க நேரமில்லை என்றால் இந்த வழியும் எளிதானதல்ல.

வெளி பில்டர்களில் சிறு தொழிலுக்கு மிக இலகுவாகக் கைவருவது விக்ஸ். 2006இல் தொடங்கிய நிறுவனம். எதையும் இழுத்து எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம், முன்பதிவு முதல் கட்டணம் வரை உள்ளேயே கிடைக்கும். பழைய முகவரிகளைப் புதியவற்றோடு இணைக்கும் பட்டியலை மொத்தமாக ஏற்றவும் வழி உண்டு. ஆக, நுழைவது சுலபம். வெளியேறுவதுதான் கடினம்: விக்ஸ் தளத்தை அப்படியே எடுத்துப்போய் வேறு சர்வரில் வைக்க முடியாது. அதன் வழக்கமான எடிட்டரில் டெம்ப்ளேட்டை மாற்ற நினைத்தால்கூட புதிய தளமாகத் தொடங்கவேண்டும். ஐந்து பக்கத் தளத்துக்கு இது பெரிய குறையல்ல. நூறு கட்டுரைகள் எழுதிச் சேர்க்கப்போகிறவர் யோசிக்கவேண்டும்.

ஸ்குவேர்ஸ்பேஸ் இன்னும் கட்டுப்பாடானது. அந்தக் கட்டுப்பாடே அதன் பலம் என்பது என் கருத்து. வடிவமைப்புப் பயிற்சி இல்லாதவர் கைவைத்தாலும் பக்கம் கோணலாகாது. பழைய முகவரி, அம்புக்குறி, புதிய முகவரி, 301 என வரிக்கு ஒன்றாகத் திசைமாற்றுகளை எழுதிச் சேர்க்கலாம்; பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்புவதே திசைமாற்று, 301 என்பது அது நிரந்தரமானது என்பதற்கான குறி. வெளியேறும் வழி பாதி திறந்திருக்கிறது. சாதாரணப் பக்கங்களையும் வலைப்பதிவையும் வேர்ட்பிரஸ் ஏற்கும் கோப்பாக இறக்கித் தருகிறது. விற்பனைப் பொருள்களின் பக்கங்கள் அந்தக் கோப்பில் வராது; அவற்றைத் தனியாக சிஎஸ்வி (அட்டவணைத் தரவு) கோப்பாக எடுக்கவேண்டும்.

விற்பனையே முக்கியம் என்றால் ஷாப்பிஃபை. அதிகம் விவாதிக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: பொருள், தொகுப்பு, பக்கம், வலைப்பதிவு ஒவ்வொன்றின் முகவரிக்கும் முன்னால் அது வைக்கும் சொல் மாறாதது. எனவே பழைய முகவரிகளை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. திசைமாற்றுப் பட்டியல் கட்டாயம். வெப்ஃபுளோ அழகான கருவி, ஆனால் வடிவமைப்பாளர் ஒருவர் கூடவே இருந்தால்தான் பயன்படும்.

வேர்ட்பிரஸ் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 2003இல் வெளியான திறமூல மென்பொருள், இன்று உலக இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. புதிய பில்டர் என்று அதைச் சொல்லத் தயங்குபவர்கள், பத்தி, படம் என ஒவ்வொன்றையும் தனிக் கட்டமாக (பிளாக்) அடுக்கவிடும், 2018 டிசம்பரில் வந்த பிளாக் எடிட்டரையும், 2022இல் முழுத் தளத்தையும் பிளாக்குகளால் அமைக்கவிட்ட 5.9 பதிப்பையும் பார்க்கட்டும். பழைய எடிட்டரில் எழுதிய பதிவுகள் அந்த மாற்றத்தில் அழியவில்லை; 'கிளாசிக்' பிளாக்குக்குள் அப்படியே திறந்தன. பதிப்பு மாறும்போது பழையதைக் கைவிடாத இந்தப் பண்பை நான் பெரிதாக மதிக்கிறேன். தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் பிடிக்கவில்லையென்றால் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் எடுத்துக்கொண்டு வேறிடம் போகலாம். பக்க முகவரிகளை நாமே தீர்மானிக்கலாம் என்பதால் பல இடங்களில் திசைமாற்றே தேவைப்படாது.

இதற்குக் கொடுக்கும் விலை பராமரிப்பு. பிளக்இன்களை (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்கள்) புதுப்பிக்கவும், பிரதி எடுத்துவைக்கவும், பாதுகாப்பைக் கவனிக்கவும் ஒருவர் வேண்டும். வேர்ட்பிரஸுக்குள்ளேயே தனியான பக்க வடிவமைப்பு பிளக்இன்களை நம்பினால் வெளியேற விடாத பூட்டு வேறு வடிவில் வந்துசேரும். சிலவற்றை நீக்கினால் பக்கம் முழுக்க சதுர அடைப்புக்குறிக் குறியீடுகள்தான் மிஞ்சும். ஏற்றுமதிக் கோப்பிலும் ஒரு சூட்சுமம் உண்டு: அதில் படங்கள் இருப்பதில்லை, படங்களின் முகவரிகள்தான் இருக்கின்றன. இறக்குமதி நடக்கும்போது புதிய தளம் பழைய தளத்துக்குப் போய் படங்களை எடுத்துவருகிறது. பழைய தளத்தை மூடிவிட்டு இறக்குமதி செய்தால் எழுத்து மட்டும் வந்துசேரும்.

தமிழில் முகவரி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சேதி. பிரவுசரில் தமிழாகத் தெரியும் முகவரி உள்ளுக்குள் விழுக்காட்டுக் குறிகளாக விரிகிறது. 'க' என்ற ஓர் எழுத்து மட்டும் ஒன்பது இடம் பிடிக்கும். துணைக்காலும் புள்ளியும் தனித்தனியாக ஒன்பது. வேர்ட்பிரஸ் பக்கப் பெயருக்கு 200 இடம்தான் ஒதுக்குகிறது. அதாவது 22 குறிகளைத் தாண்டிய தமிழ்த் தலைப்பு முகவரியில் பாதியில் அறுந்துவிடும். பழைய முகவரியோடு பொருந்தாமல் போவதற்கு இதுவே போதும். குறுகிய பெயரை நீங்களே கையால் கொடுத்துவிடுங்கள்.

எந்த பில்டராக இருந்தாலும் திசைமாற்றுப் பட்டியல்தான் இந்த வேலையின் முதுகெலும்பு. இரண்டு பத்தி கொண்ட ஓர் அட்டவணை போதும்: இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் புதியது. ஒரு சேவை நிறுவனத்துக்கு நான் இப்படி அட்டவணை போட்டபோது, கூகுள் தேடலிலிருந்து வருபவர்களைக் காட்டும் சர்ச் கன்சோல் கருவியில் அதிகம் பேர் வந்த பக்கம் முகப்போ விலைப்பட்டியலோ அல்ல; இயந்திரத்தைச் சுத்தம் செய்வது எப்படி என்று என்றோ எழுதிவைத்த ஒரு பழைய குறிப்பு. வடிவமைத்தவர் அது பழையதாகத் தெரிகிறது என்று விட்டுவிட இருந்தார். அட்டவணை இல்லாதிருந்தால் அந்தக் குறிப்பு போயிருக்கும். பொருந்தும் பக்கம் இல்லாத முகவரிகளையெல்லாம் முகப்புக்குத் திருப்பிவிடுவதும் தவறு. கூகுள் அதைக் காணாமல்போன பக்கமாகவே கருதலாம். திசைமாற்றுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கும்படி கூகுளே சொல்கிறது.

அதே நிறுவனத்தில் நான் தடுக்கத் தவறியது வேறொன்று. வேலையை எடுத்துச் செய்தவர் வெள்ளிக்கிழமை மாலை டொமைனின் எல்லாப் பதிவுகளுக்கும் பொறுப்பான நேம்சர்வர்களையே புதிய பில்டருக்கு மாற்றிவிட்டார். தளம் அழகாகத் திறந்தது. ஞாயிறு இரவுதான் தெரிந்தது, யாருக்கும் ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை. அஞ்சலுக்கு வழிகாட்டும் எம்எக்ஸ் பதிவு பழைய இடத்திலேயே நின்றுவிட்டிருந்தது. அன்றிலிருந்து நேம்சர்வரில் கைவைக்க விடுவதில்லை. தளம் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஏ பதிவையும் சிநேம் பதிவையும் மட்டும் மாற்றினால் போதும், அஞ்சல் தன்பாட்டில் ஓடும். முந்தைய நாளே அவற்றின் டிடிஎல் மதிப்பை (பழைய பதிவை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடியாகக் குறைத்துவைத்தால், ஏதாவது பிசகினால் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

என் தீர்ப்பு இது. பத்துப் பக்கத்துக்குள் அடங்கும், பார்த்துக்கொள்ள ஆளில்லாத தளத்துக்கு ஸ்குவேர்ஸ்பேஸ். முன்பதிவுதான் உயிர்நாடி என்றால், வெளியேறும் வழி அடைபட்டிருப்பதைத் தெரிந்துகொண்டே விக்ஸ். எழுத்து சேர்ந்துகொண்டே போகும் தளத்துக்கு, மாதம் ஒருமுறை கவனிக்க ஒருவர் இருந்தால், தயங்காமல் வேர்ட்பிரஸ்.

இன்னும் மனம் ஒருமுகப்படவில்லை என்றால் பணம் கட்டாதீர்கள். விக்ஸில் இலவசத் திட்டம் இருக்கிறது, ஸ்குவேர்ஸ்பேஸில் 14 நாள் சோதனைக் காலம் கிடைக்கிறது. முகப்பைக் கட்டிப் பார்க்காதீர்கள். அது எல்லாவற்றிலும் நன்றாகத்தான் வரும். உங்கள் தளத்திலேயே சிக்கலான ஒரு பக்கத்தை, ஐந்து பத்தி விலை அட்டவணையையோ நீண்ட விசாரணைப் படிவத்தையோ, இரண்டிலும் கட்டுங்கள். பிறகு கைப்பேசியில் திறந்து, படிவத்தை நிரப்பி அனுப்பி, அது உங்கள் அஞ்சல்பெட்டிக்கு வந்துசேருகிறதா என்று பாருங்கள்.