சின்னக் கையா, பெரிய கையா: தொழில்நுட்பப் பங்குகளை ஆட்டுவது யார்?

மாலை ஏழு மணிக்கு வெள்ளவத்தையில் கடைத்தெரு நிரம்பும்போதுதான் நியூயோர்க் சந்தை திறக்கிறது. அவர்களுடைய குளிர்காலத்தில் அது எட்டு மணி. திறந்ததும் கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் மச்சானிடமிருந்து செய்தி வரும்: "என்விடியா விழுது, இப்ப எடுக்காட்டிப் பிறகு பிடிக்கேலாது." செயற்கை நுண்ணறிவுக்குச் சில்லு செய்யும் அமெரிக்க நிறுவனம் அது. கோட்டையில், பலரின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் ஒரு யூனிட் டிரஸ்டில் வேலை செய்யும் என் பள்ளித் தோழனோ அந்நேரம் வீட்டில் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பான். ஒரு பங்கை வாங்க அவனுக்கு முதலீட்டுக் குழுவின் சம்மதம் வேண்டும். வாங்கும்போதும் விலை ஏறிவிடாதபடி நாட்கணக்கில் துண்டு துண்டாகத்தான் வாங்குவான். மச்சானுக்கு ஒரு பெருவிரல் போதும்.

இரண்டு விதமான பணமும் விலையை ஆட்டுகின்றன. ஆட்டும் விதம்தான் வேறு.

மச்சான் போன்ற சின்னக் கைகளின் பலம் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சாய்வதில் இருக்கிறது. 2021 ஜனவரியில் கேம்ஸ்டொப் பங்கில் நடந்ததை இன்னும் பலர் தவறாகவே சொல்கிறார்கள். அது வீடியோ கேம் விற்கும் கடை, தொழில்நுட்ப நிறுவனம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. மாதத் தொடக்கத்தில் 20 டொலருக்கும் கீழே இருந்த பங்கு 28ஆம் திகதி ஒரு கட்டத்தில் 483 டொலரைத் தொட்டது. பங்கை இரவல் வாங்கி விற்று, விலை இறங்கியதும் திருப்பி வாங்கிக் கொடுக்கலாம் என்று பந்தயம் கட்டிய மெல்வின் கெப்பிட்டல் என்ற நிதியம் அந்த ஒரு மாதத்தில் 53 சதவீதத்தை இழந்தது. பந்தயக்காரர்கள் பயந்து திருப்பி வாங்கியதால்தான் ஏறியது என்பார்கள். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் அலுவலர்கள் அதே ஆண்டு வெளியிட்ட அறிக்கை, அப்படித் திருப்பி வாங்கியது மொத்தக் கொள்வனவில் சிறு பங்குதான் என்கிறது. விலையைத் தாங்கி நின்றது சாதாரண ஆட்களின் வாங்கும் ஆசை. பங்கு வாங்கி விற்கும் ரொபின்ஹூட் செயலி 28ஆம் திகதி வாங்குவதைத் தடுத்ததும் அன்றைய முடிவு விலை 193 டொலருக்கு வந்துவிட்டது.

இந்தப் பலம் ஒப்ஷன் மூலம், அதாவது குறித்த விலைக்குப் பங்கை வாங்கவோ விற்கவோ தரும் உரிமை மூலம், இன்னும் பெருகும். மச்சான் வாங்கும் உரிமையான கோல் ஒப்ஷனை எடுத்தால், அதை விற்ற தரப்பு தன் நட்டத்தைத் தடுக்க அந்தப் பங்கையே கொஞ்சம் வாங்கி வைக்கும். விலை ஏற ஏற இன்னும் வாங்க வேண்டும். இறங்கத் தொடங்கினால் அதே வேகத்தில் விற்க வேண்டும். சில நூறு டொலர் கொடுத்து வாங்கிய ஒப்ஷனுக்குப் பின்னால் பல மடங்கு பெறுமதியான பங்குகள் இப்படிக் கைமாறும்.

பெரிய கைகளுக்கு வருவோம். என் தோழன் வேலை செய்வது போன்ற முதலீட்டு நிறுவனங்கள் ஆராய்ந்து, நிதானமாக, நியாய விலைக்கு வாங்குகின்றன என்றுதான் நானும் நெடுநாள் நம்பினேன். உண்மையில் அவை விலையை அதிகம் ஆட்டுவது கட்டாயத்தில் சிக்கும்போது. டெஸ்லா, அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 சுட்டெண்ணில் சேரும் என்று 2020 நவம்பர் 16 அன்று அறிவித்தார்கள். டிசம்பர் 21 அன்று சேர்ந்தது. இடைப்பட்ட நாட்களில் பங்கு ஏறத்தாழ 70 சதவீதம் ஏறியது. சுட்டெண்ணைப் பின்தொடரும் நிதியங்கள் எந்த விலைக்கும் வாங்கியே ஆக வேண்டும். வருடப்பிறப்புக்குச் சனம் எப்படியும் தேங்காய் வாங்கும் என்று தெரிந்த வியாபாரி முதலே வாங்கி அடுக்குவதுபோல் மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள்.

விற்பதிலும் அப்படித்தான். 2024 ஓகஸ்ட் 5 அன்று, மலிவு வட்டிக்கு ஜப்பானிய யென் கடன் எடுத்து முதலீடு செய்தவர்கள், யெனின் பெறுமதி ஏறிக் கடன் சுமை கூடியதால் கையில் இருந்ததை விற்றார்கள். ஜப்பானின் நிக்கேய் சுட்டெண் 12.4 சதவீதம் விழுந்தது, என்விடியா 6 சதவீதத்துக்கு மேல். அன்றைய விற்பனை என்விடியாவின் வியாபாரத்தைப் பார்த்து மட்டும் நடந்ததல்ல. சுமார் 100 டொலரில் நின்ற பங்கு இரண்டே வாரத்தில் 130இல் இருந்தது.

இரண்டு கைகளும் நேருக்கு நேர் மோதிய நாள் 2025 ஜனவரி 27. சீனாவின் டீப்சீக் மலிவாகச் செயற்கை நுண்ணறிவு செய்துகாட்டியதும், சில்லுத் தேவை குறையும் என்ற பயத்தில் என்விடியா ஒரே நாளில் 17 சதவீதம் விழுந்து, ஏறத்தாழ 589 பில்லியன் டொலர் சந்தைப் பெறுமதி கரைந்தது. அன்று சின்னக் கைகள் வாங்கிக் குவித்தன. அவர்கள் சொன்னதுதான் சரியாக வந்தது: அக்டோபரில் அந்த நிறுவனம் 5 டிரில்லியன் டொலர் பெறுமதியைத் தொட்டது. ஆனால் இடையில் ஏப்ரலில் பங்கு 100 டொலருக்கும் கீழே போனது. கடன் வாங்கி வாங்கியவர்களால் அக்டோபர் வரை தாக்குப்பிடிக்க முடிந்திருக்காது. சின்னக் கையின் உண்மையான பலவீனம் அறிவுக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. காத்திருக்கும் சக்திதான் குறைவு.

கொழும்பிலும் இதே வேறுபாட்டைப் பார்க்கலாம். புரோக்கர்களின் அன்றாடக் குறிப்பில் எந்தப் பங்கில் நிறுவனங்களும் பெரும் செல்வந்தரும் ஈடுபட்டார்கள், எதில் சிறு முதலீட்டாளர் ஆர்வம் காட்டினார்கள் என்று தனித்தனியே எழுதுவார்கள். நான் முதலில் படிப்பது அந்த வரியைத்தான். 2020இல் கைபேசியிலேயே கணக்குத் திறக்கும் வசதி வந்தது. இளையவர்கள் நிறையப் பேர் உள்ளே வந்தார்கள். 2021இல் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 80 சதவீதம் ஏறியது, அடுத்த ஆண்டு நெருக்கடியில் 30 சதவீதம் இறங்கியது. அந்த இறக்கத்தில் சேமிப்பை இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் தெரிவு இது: நிறுவனங்கள் கட்டாயத்தில் விற்று விழுந்த நல்ல பங்கைத் தைரியமாகப் பார்ப்பேன். கூட்டத்தின் ஆசையில் மட்டும் ஏறிய பங்கை, அது எந்தப் பெயராக இருந்தாலும், தொட மாட்டேன்.

இன்னொன்று. அங்கே இரவு திரண்ட பரபரப்பு முழுவதும் சந்தை திறக்கும் முதல் அரைமணியில் கொட்டும். சுட்டெண் நிதியங்களின் பெரிய கொள்வனவுகளோ சந்தை மூடும் நேரத்து ஏலத்தில் நடக்கும். அது நமக்கு அதிகாலை ஒன்றரை மணி, அவர்களுடைய குளிர்காலத்தில் இரண்டரை. ஆகவே மச்சானின் ஏழு மணிச் செய்திக்கு நான் காலையில், முடிவு விலையைப் பார்த்த பிறகுதான் பதில் எழுதுகிறேன்.