அம்பாசடர் நினைவு நாணயம் என்று விளம்பரம் வந்தால், பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

என் அப்பா கிருஷ்ணகிரியில் 26 வருடம் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். பெண் பார்க்கப் போகிறவர்கள், பெங்களூரு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், எல்லாருக்கும் அந்த வெள்ளை வண்டிதான். ஸ்டியரிங்கை ஒட்டிய கியர், முன்சீட்டில் மூன்று பேர், பின்னால் பட்டை ஸ்பிரிங். தொப்பூர் கணவாயில் லோடு ஏற்றிக்கொண்டு இறங்கும்போது அந்த வண்டி காட்டிய நிதானத்தை இன்றைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பார். அவருடைய 70-வது பிறந்தநாளுக்கு என்ன வாங்கித் தரலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்த வாரம், கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்தது.

"இந்திய அரசின் அம்பாசடர் நினைவு நாணயம். 999 வெள்ளி, 31.1 கிராம்." விலை 6,800 ரூபாய். வண்டியைப் பற்றி அதில் எழுதியிருந்தது எல்லாம் சரியாகவே இருந்தது: மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்த வடிவம், உத்தரபாரா ஆலை, 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. அந்த விவரங்களைப் பார்த்துத்தான் நம்பினேன். வண்டியைப் பற்றி உண்மை சொல்கிறவன் வெள்ளியைப் பற்றியும் உண்மைதான் சொல்வான் என்று நினைத்துவிட்டேன்.

பணம் கொடுத்தால்தான் பெட்டி என்றார்கள், கொடுத்தேன். நீல வெல்வெட் பெட்டி, உள்ளே அசோகச் சின்னம் அச்சடித்த சான்றிதழ். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, ஸ்டியரிங் இடது பக்கம் இருக்குதே?"

காசில் இருந்த வண்டிப் படத்தை இடம் வலமாக, கண்ணாடியில் தெரிவதுபோல் மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். எனக்கு அது கண்ணில் படவே இல்லை. அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தே வாழ்ந்த மனிதருக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அவர் முகம் வாடியதுதான் எனக்கு 6,800 ரூபாயைவிடப் பெரிதாக வலித்தது.

மறுநாள் தெரிந்த நகை ஆசாரியிடம் கொண்டுபோனேன். எடை 26 கிராம்தான். ஓரத்தில் அரம் வைத்து ஒரு இழு இழுத்தார், உள்ளே மஞ்சள். பித்தளைக்கு வெள்ளி முலாம். வீட்டிலேயே இதைப் பார்க்க முடியும் என்றும் காட்டினார். சமையலறைத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். காசின் எடையைத் தராசு காட்டும் எண்ணால் வகுத்தால், சுத்த வெள்ளிக்குப் பத்தரை வரும். எனக்குத் தராசு காட்டியது 3.1, வகுத்தால் எட்டரைகூட வரவில்லை. சின்னக் காசுக்கு ஒரு தசமத்துக்காவது துல்லியமாகக் காட்டும் தராசு வேண்டும்.

வெள்ளியை விடுங்கள், நாணயம் என்பதே பொய். நம் அரசு நினைவு நாணயம் வெளியிடும் முன் அரசிதழில் அறிவிப்பு வரும். மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா அரசு நாணயச்சாலைகளில்தான் அச்சடிப்பார்கள். முகப்பில் அசோகத் தூண் சிங்கம், நாட்டின் பெயர், ரூபாய் மதிப்பு கட்டாயம் இருக்கும். 2010-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த நாணயத்தில்கூட 1000 ரூபாய் என்று மதிப்பு உண்டு. எனக்கு வந்ததில் மதிப்பே இல்லை. மதிப்பு இல்லாதது நாணயம் இல்லை, வெறும் வில்லை. சிங்கத்தைச் சான்றிதழில் மட்டும் அச்சடித்திருந்தார்கள். தனியார் வியாபாரத்துக்கு அரசுச் சின்னத்தை இப்படிப் பயன்படுத்த 2005-ம் ஆண்டுச் சட்டமே தடை போடுகிறது.

விற்றவரை வாட்ஸ்அப்பில் கேட்டேன். "பில்லைப் பாருங்க மேடம், அலங்காரப் பொருள்னுதான் போட்டிருக்கோம்" என்றார். பார்த்தேன், பொடி எழுத்தில் அப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததுதான் இப்போது கைகொடுக்கிறது. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்காமல் விட்டது என் தவறு.

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் இதே நீலப் பெட்டி யாருக்காவது வந்திருந்தால் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே மனு கொடுக்கலாம்.