சிம்னி கேப்: 7 குளிர்காலம், 2 கேப், இன்னும் தீராத ஒரு கோவம்

போன வாரம் நாலாவது ஸ்க்ரூவை கிரைண்டர் வச்சு அறுத்துட்டு கூரையில இருந்து இறங்குறேன், ஃப்ரெண்டோட மெசேஜ் வந்து கெடக்கு. "டேய், பழைய வீடு ஒண்ணு வாங்கிருக்கேன், ஃபயர்ப்ளேஸ் இருக்கு, ஆனா சிம்னி மேல ஒண்ணுமே இல்ல, வானம் தெரியுது. கேப் போடணுமா, இல்ல அப்படியே விட்டுடலாமா?" கை பூரா கரி, "போடு"ன்னு ஒரு வார்த்தை மட்டும் தட்டி விட்டேன். மிச்சத்த இப்போ எழுதுறேன், அவனுக்கு மட்டும் இல்ல, இதே கேள்வி இருக்குற எல்லாருக்கும்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், நான் பேசுறது கிச்சன்ல அடுப்புக்கு மேல மாட்டுற கரண்ட் சிம்னி இல்ல. விறகு எரிக்கிற ஃபயர்ப்ளேஸோட புகை மேல போறதுக்கு செங்கல் வச்சு கட்டிருப்பாங்களே, அந்த புகைபோக்கி. அதோட வாய்க்கு மேல உக்கார்ற உலோகத் தொப்பி தான் கேப். மேல ஒரு தகரம், நாலு பக்கமும் கம்பி வலை, அவ்வளவு தான் விஷயம். உச்சியில சிமெண்ட்ல சரிவா பூசியிருக்குறது கிரவுன், அது வேற. நிறைய பேர் கிரவுனை காட்டி எனக்கு கேப் இருக்குன்னு சொல்றாங்க, கிரவுன் செங்கல் சுவரை காப்பாத்தும், நடுவுல இருக்குற ஓட்டையை மூடாது.

எங்க வீட்டுல முதல் 2 வருஷம் கேப் இல்ல. அப்போ அது ஒரு குறையாவே தெரியல. ஆனா எங்க சிம்னி உள்ள போற குழாய் 20க்கு 30 சென்டிமீட்டர், அதுல ஒரு நாள் 50 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 3 லிட்டர் தண்ணி நேரா உள்ள எறங்குது. வருஷம் பூரா எவ்வளவுன்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. அந்த தண்ணி உள்சுவர்ல ஒட்டியிருக்குற புகைக்கரியோட சேர்ந்து ஒரு புளிச்ச கருப்பு நீரா வழிஞ்சு, செங்கல் இடுக்குல இருக்குற சாந்தை கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுடும். குளிர்ல தண்ணி உறையுற ஊரா இருந்தா இன்னும் மோசம், தண்ணி பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும், இடுக்குல நின்ன தண்ணி சாந்தை உள்ள இருந்தே பொளந்துடும். எங்களுக்கு கண்ணுக்கு தெரிஞ்சது டேம்பர் மட்டும் தான், அதாவது புகை வழியை திறந்து மூடுற இரும்புத் தகடு. ரெண்டாவது வருஷம் துருப்பிடிச்சு அசையாம நின்னுடுச்சு. அதே வருஷம் ஒரு பறவைக் கூடு முழுசா, குச்சியும் இறகும் காஞ்ச எச்சமுமா, அடுப்பு மேடையில வந்து விழுந்துச்சு. நல்லவேளை குஞ்சு எதுவும் இல்ல. அந்த கூடு பாதி வழியில சிக்கி நின்னிருந்து, நாங்க கீழ நெருப்பு மூட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சா இப்பவும் வயித்த கலக்குது.

அப்புறம் தான் முதல் கேப். கால்வனைஸ்டு தகரம், இருக்குறதுலயே மலிவு. வலை ரொம்ப பொடிசா, ஓட்டை 6 மில்லிமீட்டர் தான் இருக்கும், பொடி வலை தான் நல்லதுன்னு நம்பி வாங்கினேன். 3 குளிர்காலத்துல வெல்டு பண்ணின மூலை எல்லாம் துரு, செங்கல் மேல பழுப்புக் கோடு கோடா வழிஞ்சு கெடந்துச்சு. அதைப் பத்தி வேற எழுத ஒண்ணும் இல்ல, வாங்காதீங்க.

இப்போ இருக்குறது 4 வருஷமா இருக்கு, 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடலோரமா இருக்குறவங்க 316 பாருங்க, உப்புக் காத்துக்கு அது தான் தாங்கும். 4 மழைக்காலம் பாத்துட்டு ஒரு பொட்டு துரு இல்ல, மூடி நெளியல. ஆனா நான் எதிர்பாக்காத ஒரு சந்தோஷம் இதுல கெடச்சுச்சு, அது வாசனை. வாசனைன்னா, இல்லாம போன வாசனை. முன்னாடி மழை பெஞ்சா ஹால் பூரா ஈரக் கரி நாத்தம் வரும், நனைஞ்ச சாம்பலும் பழைய புகையும் கலந்தாப்ல, சோபா துணி, திரைச்சீலை எல்லாத்துலயும் ஏறிக்கும், ரெண்டு நாள் ஆனாலும் போகாது. வீடு பழசு, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுட்டு இருந்தோம். கேப் போட்ட முதல் பெரிய மழை அன்னிக்கு அம்மா ஹால்ல உக்காந்து ரொம்ப நேரம் கழிச்சு "என்னடா இன்னிக்கு அந்த நாத்தமே காணோம்"னு கேட்டாங்க. அதுக்கு அப்புறம் தான் எனக்கே உறைச்சுது. இந்த ஒண்ணுக்காகவே இதை கும்பிடலாம்.

சரி, இப்போ கோவத்துக்கு வர்றேன். வலை.

வலை இல்லாம கேப் இல்ல, அது தெரியும். பறவை, அணில் உள்ள வராம தடுக்குறதும் அது தான், நெருப்புப் பொறி வெளிய பறந்து கூரையில விழாம தடுக்குறதும் அது தான். ஓட்டை அரை இன்ச்சுக்கு மேல, அதாவது 13 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா பொறி தப்பிச்சுடும், சுமார் 10 மில்லிமீட்டருக்கு கீழ போனா சீக்கிரம் அடைச்சுக்கும். இப்போ இருக்குறது சரியான அளவு தான். ஆனாலும் அடைக்குது. ஏன்னா விறகுப் புகையில தண்ணி ஆவியும் எரியாத தாரும் இருக்கு, சூடா இருக்குற வரைக்கும் அது புகையோட மேல போயிடும், குளிர்ந்த இடம் எங்க கெடைக்குதோ அங்க ஒட்டிக்கும், அதுக்கு பேரு கிரியோசோட். சிம்னியிலயே ரொம்ப குளிர்ந்த இடம் எது? மேல காத்துல நிக்கிற அந்த மெல்லிசான கம்பி வலை தான். அதனால அடைப்புன்னா முதல்ல அங்க தான் ஆரம்பிக்கும்.

போன குளிர்காலம் ஒரு ராத்திரி, நெருப்பு மூட்டி அரை மணி நேரம் இருக்கும், புகை மேல போகாம அடுப்பு வாய்ல இருந்து தரையோட தரையா ஹாலுக்குள்ள உருண்டு வர ஆரம்பிச்சுது. டேம்பர் மூடிருக்கோன்னு பாத்தேன், இல்ல, திறந்து தான் இருந்துச்சு. ஜன்னல் திறந்தேன், கொஞ்சம் கொறைஞ்ச மாதிரி இருந்துச்சு, அப்புறம் கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்த ஆரம்பிச்சுது, எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு நானும் வெளிய வந்துட்டேன். புகையாவது கண்ணுக்கு தெரியும், அந்த வாயுவுக்கு நிறமும் இல்ல மணமும் இல்ல, ரத்தத்துல ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல பலமா ஒட்டிக்கிற சனியன் அது. அலாரம் மட்டும் இல்லைன்னா நான் இன்னும் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கத்துலயே நின்னு புகையை பாத்துட்டு இருந்திருப்பேன். மறுநாள் ஏணி போட்டு ஏறிப் பாத்தா வலையில ஒரு ஓட்டை கூட தெரியல, கருப்புத் துணி போத்தின மாதிரி இருந்துச்சு. ஒயர் பிரஷ்ஷால தேச்சா செதில் செதிலா, பளபளன்னு கண்ணாடி சில்லு மாதிரி உதிருது.

நியாயமா சொல்லணும்னா அதுல பாதித் தப்பு விறகோடது. அந்த வருஷம் விறகு சரியா காயல. ஈரம் 20 சதவீதத்துக்கு கீழ இருக்கணும், பொளந்து அடுக்கி வச்சு 6 மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரைக்கும் காய விடணும், ரெண்டு ஊசி குத்திப் பாக்குற சின்ன மீட்டர் இருக்கு, அது சொல்லிடும். அப்புறமா குத்திப் பாத்தா 31 காட்டுச்சு. இதுல கேப் என்ன பண்ணும்?

ஆனா மீதி பாதியை நான் விட மாட்டேன். இது அடைக்கும்னு செஞ்சவங்களுக்கு தெரியும், விக்கிறவங்களுக்கும் தெரியும். தெரிஞ்சும் மூடியையும் வலையையும் ஒண்ணா வெல்டு பண்ணி, மொத்தத்தையும் களிமண் குழாயோட 4 ஸ்க்ரூ வச்சு இறுக்குற மாதிரி செஞ்சிருக்காங்க. வெளிப்பக்கம் தேச்சுடலாம், உள்பக்கம் தேய்க்கவோ குழாய்க்குள்ள பிரஷ் விடவோ கேப்பையே கழட்டணும். கேப் 304 ஸ்டெயின்லெஸ், கூட குடுத்த ஸ்க்ரூ சாதா இரும்பு! 4 வருஷத்துல மூணு ஸ்க்ரூ எண்ணெய் விட்டு கெஞ்சிக் கெஞ்சி வந்துச்சு, நாலாவது தலை மழுங்கிப் போய் சுத்திக்கிட்டே இருந்துச்சு. சரிவான கூரையில பெல்ட் கட்டிக்கிட்டு ஒரு கையில கிரைண்டரை பிடிச்சு அறுக்குற நிலைமை ஒரு மனுஷனுக்கு ஏன் வரணும், 4 நல்ல ஸ்க்ரூ குடுத்திருந்தா முடிஞ்சு போச்சு. அறுத்து எடுத்துப் பாத்தா குழாய் ஓரத்துல ஒரு முடி கனத்துக்கு விரிசல். மாட்டினவர் ஸ்க்ரூவை ஓவரா முறுக்கியிருக்கார், களிமண் குழாய் அந்த அழுத்தத்தை தாங்காது, கையால அசைச்சா அசையக்கூடாது, அந்த அளவுக்கு இறுக்கினா போதும்.

இன்னொண்ணு, காத்து திருப்பி அடிச்சு புகை உள்ள வர்ற பிரச்சனைக்கு கேப் தான் மருந்துன்னு நெனச்சு வாங்காதீங்க. கொஞ்சம் கொறையும், அவ்வளவு தான். சிம்னி கூரையை விட்டு வெளிய வர்ற இடத்துல இருந்து 3 அடியாவது உயரமா இருக்கணும், சுத்தி 10 அடிக்குள்ள இருக்குற எதையும் விட 2 அடி உயரமா இருக்கணும். கட்டின உயரம் பத்தலைன்னா எந்தத் தொப்பியும் ஒண்ணும் பண்ணாது. கேஸ் ஃபயர்ப்ளேஸ் வச்சிருக்குறவங்க இந்த வலை கேப்பை எடுத்து மாட்டிடாதீங்க, அந்த அடுப்புக்கு என்ன சொல்லிருக்கோ அதை மட்டும் போடுங்க.

மார்க் கேட்டா அஞ்சுக்கு ரெண்டு தான் குடுப்பேன். மேல எழுதினதை நானே திரும்பப் படிச்சுப் பாத்தேன், அந்த வாசனைக்கே மூணு குடுக்கலாம், துரு இல்லாததுக்கு இன்னொண்ணு. இருந்தாலும் ரெண்டு தான், அந்த ஸ்க்ரூ சத்தம் இன்னும் காதுல இருக்கு. அதே கேப்பை உள்ளயும் வெளியயும் தேச்சு, ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ வாங்கி, விரிசலை சரி பண்ணி நேத்து சாயங்காலம் திரும்ப மாட்டிட்டேன். கேப் இல்லாம ஒரு மழையை கூட விட எனக்கு மனசு இல்ல.

டேய், உனக்கு நான் சொல்றது, போடு, ஆனா மூடி மட்டும் தனியா கழட்டுற மாடல், இல்ல கீல் வச்சு திறக்குற மாடலா பாத்து வாங்கு. வருஷா வருஷம் குளிர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சிம்னி சுத்தம் பண்றவரை கூப்பிட்டு குழாயோட வலையையும் பாக்கச் சொல்லு, கரி 3 மில்லிமீட்டர் கனம் ஏறிடுச்சுன்னா தேய்க்காம நெருப்பு மூட்டாத, அந்த தார் பத்திக்கிச்சுன்னா சிம்னிக்குள்ள 1000 டிகிரி செல்சியஸ் வரைக்கும் போகும். விறகு எரிக்கிற நாள்ல வாரம் ஒரு தடவை கீழ நின்னு பைனாகுலர்ல வலையைப் பாரு, வெளிச்சம் தெரியணும். இப்போதைக்கு மேல ஆளை ஏத்தி குழாயோட வெளி அளவை எடுக்கச் சொல்லு, உள்ளளவு வேண்டாம், வெளி அளவு. நீளம், அகலம், கிரவுனுக்கு மேல குழாய் எத்தனை சென்டிமீட்டர் நீட்டிக்கிட்டு இருக்குன்னும் சேத்து. நீட்டிக்கிட்டு இல்லைன்னா உனக்கு கிரவுன் மேலயே உக்கார்ற வேற மாதிரி கேப் வேணும். போட்டோவும் அனுப்பு.