காம்பி டூல்: பாலைவன மீட்புக் குழுவுக்கு வாங்கித் தருவதற்கு முன்

பாலைவனத்து நெடுஞ்சாலையில் ஒரு கார் உருண்டுவிட்டால், பக்கத்துச் சிற்றூரின் தன்னார்வலர்கள்தான் முதலில் போய்ச் சேர்கிறார்கள். பகல் நேரத்தில் அழைப்பு வந்தால் இரண்டு மூன்று பேர் கிடைப்பதே பெரிது. அடுத்த உதவி வர ஒரு மணி நேரமாகலாம், இரண்டும் ஆகலாம். இப்படிப்பட்ட குழுவுக்கு ஏதாவது வாங்கித் தர நினைப்பவர்கள் இப்போது அதிகம் விசாரிப்பது பேட்டரியில் ஓடும் காம்பி டூலைப் பற்றி. நசுங்கிய கதவை நெம்பி விரிப்பதையும், கம்பியையும் தகட்டையும் வெட்டுவதையும் ஒரே தாடையால் செய்யும் ஹைட்ராலிக் கருவி அது. இங்கே எந்த ஒரு நிறுவனத்தின் மாடலையும் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ரகம் முழுவதற்கும் பொதுவானதைச் சொல்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வாங்கித் தாருங்கள், ஆள் குறைவான குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான வெட்டும் கருவி கிடையாது. ஆனால் பெட்டியில் வருவதை மட்டும் வாங்கித் தந்தால், வெயிலும் மணலும் சேர்ந்து முதல் கோடையிலேயே அதை முடக்கிவிடும்.

பழைய முறை என்பது பெட்ரோல் பம்ப், நீளமான ஹோஸ், விரிக்கத் தனி ஸ்ப்ரெடர், வெட்டத் தனி கட்டர், நீண்டு தள்ளத் தனி ராம் என்று ஐந்தாறு உருப்படிகள். பலம் அதிகம்தான். ஆனால் பம்பை இழுத்துக் கிளப்ப ஓர் ஆள், ஹோஸைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், கருவியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் பம்பில் பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்துவிடும். ஹோஸின் ரப்பர் வெயிலில் வெடிக்கும். அதற்குள் ஓடும் எண்ணெயின் அழுத்தம் சுமார் 700 பார், அதாவது காற்றுமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 700 மடங்கு. ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து பீய்ச்சினால் கையுறையைத் துளைத்துத் தோலுக்குள் புகுந்துவிடும். வெளியே பார்த்தால் முள் குத்தியது போலத்தான் இருக்கும், ஆனால் சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலோ கையோ போய்விடலாம். அறுவைச் சிகிச்சை அறை வெகுதூரத்தில் இருக்கும் ஊருக்கு இது சின்ன ஆபத்து அல்ல. பேட்டரிக் கருவியில் வெளி ஹோஸ் கிடையாது என்பதே எங்கள் கணக்கில் அதன் முதல் தகுதி. அடுத்த தகுதி, ஒரே ஆள் தூக்கிக்கொண்டு போய் உடனே வேலையைத் தொடங்கலாம். எடை மாடலுக்கு ஏற்ப மாறும், பேட்டரியோடு சேர்த்துப் பெரும்பாலும் 15 முதல் 20 கிலோ.

குறையும் உண்டு. இரண்டு வேலையை ஒரே தாடை செய்வதால் இரண்டிலும் தனிக் கருவியின் எல்லையை எட்டாது. தனி ஸ்ப்ரெடர் அளவுக்கு வாய் திறக்காது, தனி கட்டரைப்போல் தடித்த தூணைச் சுற்றி வளைக்காது. கதவைப் பிரிக்க, கூரையை மடிக்க, பெடலில் மாட்டிய காலை விடுவிக்கப் போதும். டாஷ்போர்டு கால்கள்மீது இறங்கியிருந்தால் அதை முன்னுக்குத் தள்ள ராம் வேண்டும். அதே பேட்டரியில் ஓடும் ராம் இருக்கிற நிறுவனமா என்று பார்த்து வாங்கினால், அடுத்த ஆண்டு நன்கொடை அதற்கு உதவும்.

வெட்டும் திறனை விளம்பரத்தில் உள்ள டன் கணக்கை வைத்து எடைபோட வேண்டாம். கருவியின் மேல், என்எஃப்பிஏ என்ற அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 1936 எண் தரப்படி (இப்போது அது 1960 எண் தரத்துக்குள் சேர்ந்துவிட்டது) ஏ, பி, சி, டி, இ என்ற ஐந்து எழுத்துகளும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் அச்சிட்டிருக்கும். உருண்டைக் கம்பி, பட்டைக் கம்பி, உருண்டைக் குழாய், சதுரக் குழாய், எல் வடிவக் கோணக்கம்பி என்று அந்த ஐந்தும் ஐந்து வகை இரும்பைக் குறிக்கும். எண் கூடக் கூடத் தடிமனானதை வெட்டும். ஐந்தில் மிகக் குறைந்த எண் எது என்று பாருங்கள், கருவி திணறப்போவது அங்கேதான். புதிய கார்களில் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவிலுள்ள பி-பில்லரில் போரான் எஃகு இருக்கும், அதன் இழுவலிமை 1500 மெகாபாஸ்கல் அளவுக்குப் போகும். சின்ன காம்பி டூல் அதன் நடுவில் கடித்தால் நின்றுவிடும். அப்போது விசையை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் பிளேடு பக்கவாட்டில் விலகும், திருகும், கடைசியில் உடைந்து தெறிக்கும். பிளேடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவது கண்ணுக்குத் தெரிந்த அந்த நொடியே நிறுத்தித் திறந்து, தூணின் உச்சியிலோ அடியிலோ வேறு இடத்தில் கடிக்க வேண்டும். ஸ்டீயரிங் தண்டையும் கதவின் பூட்டுக் கொண்டியையும் வெட்டவே முயலக் கூடாது. அவை கடினப்படுத்திய எஃகு.

இனி பேட்டரி. பாலைவனத்தில் இந்தக் கருவியின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது இதுதான்.

லித்தியம் அயான் பேட்டரியை 0 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரைதான் சார்ஜ் செய்யலாம் என்பது பொதுவான வரம்பு. வெயிலில் நிற்கும் வண்டியின் பக்கப் பெட்டிக்குள் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அங்கே கிடந்த பேட்டரியைச் சார்ஜரில் போட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. பழுது என்று நினைத்து அதை ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். நிழலில் வைத்து ஆறவிட்டால் தானாகவே ஏறத் தொடங்கும். அதைவிட மோசமான இடம் விபத்துக் களம். ஏற்கெனவே சூடாக இருக்கும் பேட்டரி, நான்கைந்து பெரிய வெட்டுகளுக்குப் பிறகு தன்னைக் காத்துக்கொள்ளக் கருவியை நிறுத்திவிடும், தாடை பாதி கடித்த நிலையில். முழு சார்ஜில் சூட்டிலேயே வாரக்கணக்கில் கிடக்கும் பேட்டரி நிரந்தரமாகவே கொள்ளளவை இழக்கும். மீட்புக் கருவிக்கு முழு சார்ஜ் அவசியம் என்பதால், குறைக்க முடிந்தது சூட்டை மட்டுமே.

அதனால் கருவியோடு சேர்த்து நான்கு பேட்டரி வாங்குங்கள், இரண்டு போதாது. பேட்டரிகளுக்கென்று தடித்த சுவருள்ள ஒரு ஐஸ்பெட்டி வாங்குங்கள். அதன் அடியில் துணி சுற்றிய உறைநீர் பாட்டில் இரண்டு, மேலே ஒரு பலகை, பலகைமேல் காற்றுப் புகாத பையில் பேட்டரிகள். ஐஸ் நேராகப் பட்டால் ஈரம் கோர்த்து முனைகள் அரித்துக் கறுக்கும், அதற்காகத்தான் பலகையும் பையும். வண்டி தகரக் கொட்டகையில் நின்றால் பெட்டியை வண்டியில் விடாமல், குளிர்ச்சியான அறையில், வண்டிச் சாவி தொங்கும் ஆணிக்கு நேர் கீழே வையுங்கள். சாவியை எடுக்கும் கை பெட்டியையும் எடுக்கும். ஒவ்வொரு பேட்டரியிலும் எண்ணும் வாங்கிய மாதமும் எழுதி, மாதம் ஒருமுறை கருவியைச் சும்மா முழுக்கத் திறந்து மூடி, எத்தனை தடவை வருகிறது என்று குறிக்க வேண்டும். புதிதில் வந்ததில் எழுபது சதவீதத்துக்குக் கீழே போன பேட்டரியைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடலாம்.

வண்டியிலேயே சார்ஜ் செய்யும் ஏற்பாட்டில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. சார்ஜர் 300 வாட் என்றால், 12 வோல்ட்டில் இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து 28 ஆம்பியருக்குமேல் இழுக்கும். டாஷ்போர்டில் உள்ள சிகரெட் லைட்டர் துளையின் ஃப்யூஸ் பெரும்பாலும் 10 முதல் 20 ஆம்பியர். போட்ட உடனே ஃப்யூஸ் போகும். வண்டியின் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, பேட்டரி முனைக்கு அருகிலேயே தனி ஃப்யூஸ் போட்டு, வீட்டு மின்சாரம் போலச் சீரான அலை தரும் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டும். மலிவான மாடிஃபைடு சைன் வகையில் சார்ஜர் சூடாகும், ஏற்கெனவே சூடான ஊரில் அது வேண்டாத வேலை. ஜெனரேட்டரில் நேரடியாகக் கருவியை ஓட்டும் மின் அடாப்டர் அந்த மாடலுக்கு உண்டென்றால், மறக்காமல் அதையும் சேர்த்து வாங்குங்கள்.

அடுத்தது மணல். பாலைவனத் தூசி மாவு போல மெல்லியது. கிரீஸில் ஒட்டினால் உப்புத்தாள் மாதிரி அரைக்கும். இரண்டு தாடையும் சேரும் மைய போல்ட்டில் கிரீஸை அள்ளி அப்புவது நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு, அதுதான் தேய்மானத்தை வேகப்படுத்துகிறது. ஒவ்வொரு தடவையும் துணியால் துடைத்து, தூரிகையால் இடுக்கைத் தட்டி, கையேட்டில் சொன்ன மசகை மெல்லிய படலமாக மட்டும் தடவ வேண்டும். மைய போல்ட் தளர்ந்தால் பிளேடுகளுக்கு நடுவே இடைவெளி விழும், வெட்டு நழுவும். கையேட்டிலுள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்க வேண்டும், குத்துமதிப்பாக அல்ல. களத்தில் கருவியை மணலில் வைக்கவே கூடாது. கருவிக்கென்று ஒரு தார்ப்பாய் விரித்து அதில்தான் வைக்க, எடுக்க. தாடை நுனிகளைப் பிடித்திருக்கும் சின்ன முள்ளாணிகள் மணலில் விழுந்தால் கிடைக்காது. மாற்று ஆணி இரண்டு வாங்கி நூலில் கட்டிப் பெட்டியின் மூடியில் தொங்கவிடுங்கள்.

நன்கொடையாளர்கள் மறக்கும் பொருள் மரக்கட்டை. கருவி டன் கணக்கில் தள்ளும்போது அந்த விசை வண்டியை அசைக்கும், உள்ளே முதுகெலும்பு முறிந்தவர் இருக்கலாம். அதனால் கருவியைத் தொடுமுன் வண்டிக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். தார்ச் சாலையில் இது எளிது. மணலில் கட்டைகள் ஒவ்வொரு தள்ளுக்கும் புதைந்துகொண்டே போகும். முதலில் அகலமான அடித்தட்டு வேண்டும். 60 சென்டிமீட்டர் சதுரமாக, 20 மில்லிமீட்டர் தடிமனான பிளைவுட் துண்டுகள் எட்டு, இரண்டிரண்டாக அடுக்க. அதன்மேல் 10 சென்டிமீட்டர் சதுர வெட்டுமுகமும் 50 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பைன் கட்டைகள் 24, குறுக்கும் நெடுக்குமாக. ஆப்பு குறைந்தது 16. பைன் போன்ற மென்மரம் பாரம் தாங்காதபோது மெதுவாக நசுங்கும், கிறீச்சிட்டு முன்கூட்டியே சொல்லும். கடினமான மரம் சத்தமில்லாமல் பிளந்துவிடும். கட்டைக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது, வறண்ட காற்றில் விழும் வெடிப்பைப் பெயின்ட் மறைக்கும், வழுக்கவும் செய்யும். அடுக்கும்போது ஒவ்வொரு கட்டையின் நுனியும் 10 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஓரம் பிளக்காது. உறுதியான தரையில் கட்டை நீளத்தின் மூன்று மடங்கு வரை உயர்த்தலாம் என்பது வழக்கமான கணக்கு. மணலில் நாங்கள் ஒரு மடங்குக்குமேல் போகச் சொல்ல மாட்டோம்.

ஆப்பைச் செருகுவதைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். விரல்கள் ஆப்பின் பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும், வண்டிக்கு அடியில் உள்ளங்கை போகக் கூடாது. கையால் இறுகும்வரை தள்ளிவிட்டு, இன்னொரு ஆப்பால் தட்ட வேண்டும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் வண்டி மேலேறி எதிர்ப்பக்கத்து முட்டு தளர்ந்துவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு ஓர் ஆள் எல்லா ஆப்பையும் தொட்டுப் பார்த்து மறுபடி இறுக்க வேண்டும். மணலில் இது கட்டாயம்.

காற்றுப்பை (ஏர்பேக்), மின்சாரக் கார்களின் உயர் அழுத்த மின்சாரம் பற்றிய பாடம் பயிற்சியில் வரும். கருவி வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: வெட்டுமுன் உள்பக்கத்துப் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிப் பார்க்க நல்ல நெம்புகோல் ஒன்று வேண்டும். கூரை ஓரத்தில் ஒளிந்திருக்கும் காற்றுப்பையின் வாயு உருளையைத் தெரியாமல் வெட்டினால் அது வெடிக்கும்.

பழைய பெட்ரோல் பம்ப் செட்டை நன்கொடையாகத் தருகிறோம் என்று வருபவர்களுக்கும் ஒரு சொல். ஹோஸின்மீது உற்பத்தி ஆண்டு அச்சிட்டிருக்கும், பத்து ஆண்டு தாண்டியிருந்தால் ஹோஸுக்கும் சேர்த்துப் பணம் தாருங்கள். எண்ணெய் வகையையும் எழுதிக் கொடுங்கள். சில பழைய கருவிகளில் பாஸ்பேட் எஸ்டர் எண்ணெய், மற்றவற்றில் கனிம எண்ணெய். இரண்டும் கலந்தால் உள்ளேயிருக்கும் சீல்கள் ஊதிக் கெடும்.

பணம் பத்துப் பங்கு என்றால், கருவிக்கும் முதல் இரண்டு பேட்டரிக்கும் ஆறு பங்குக்குமேல் போக விட வேண்டாம். மீதியில் கூடுதல் பேட்டரி, இன்வெர்ட்டர், கட்டைகள், பழைய இரும்புக் கடையிலிருந்து பயிற்சிக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று கார்கள், ஆண்டு சர்வீஸ். அதோடு 4 மீட்டருக்கு 6 மீட்டர் வெள்ளித் தார்ப்பாய் ஒன்று, இரண்டு கம்பம், தண்ணீர் தெளிக்கும் கைப்பம்பு ஒன்று. வெயிலில் கிடக்கும் காரின் உலோகம் தோலைச் சுடும். உள்ளே மாட்டிக்கொண்டவரின் உடல் வெப்பம் வெட்டி முடிப்பதற்குள் 40 டிகிரியைத் தாண்டிவிடலாம். ஆகையால் முட்டுக் கொடுக்கும்போதே நிழல் கட்டி, நனைத்து, விசிறத் தொடங்க வேண்டும். இந்தத் தார்ப்பாய்க்கு ஆகும் செலவு ஒரு பேட்டரி விலையில் சிறு துண்டு.

விற்பவரிடம் பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை: சர்வீஸுக்குக் கருவி போனால் எத்தனை நாளில் திரும்பும், அதுவரை மாற்றுக் கருவி தருவார்களா, இந்தப் பேட்டரி இன்னும் எத்தனை ஆண்டு கிடைக்கும். சில மாடல்கள் கடைகளில் விற்கும் சாதாரண மின்கருவிப் பேட்டரியிலேயே ஓடும், தொலைதூர ஊருக்கு அது பெரிய வசதி. தனியாக அனுப்பும் லித்தியம் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவதில்லை. தரைவழியில்தான் பெரும்பாலும் வரும், கடைசி ஊருக்கு வாரக்கணக்கில் ஆகும். கோடைக்கு வேண்டிய பேட்டரியைக் குளிர்காலத்திலேயே சொல்லி வையுங்கள்.