பிஎல்டிசி ஃபேன் வாங்கலாமா? ரெண்டு கத்திரி ஓட்டிட்டு எழுதுறேன்

வேலூர்ல, அதுவும் மொட்டை மாடிக்கு நேர் கீழ் வீட்ல இருக்கிறவங்களுக்கு வெயில் பத்தி நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஏப்ரல் மே கணக்குல எங்க வீட்டுக்கு 640 யூனிட் வந்துச்சு. ஈபி கார்டைப் பார்த்து அம்மா என்னையே பார்த்தாங்க, ஏசி வாங்கினவன் நான்தானே. அப்ப 500 தாண்டினா மேல இருக்கிற யூனிட்டுக்கு எட்டு ரூபாக்கு மேல போட்டான், அதோட 101லேர்ந்து 200 வரைக்கும் கிடைச்ச பாதி ரேட் சலுகையும் போயிடும்னு இருந்துச்சு, அதனால எப்படியாவது 500க்குள்ள நிக்கணும்னு முடிவு பண்ணித்தான் ஹால், பெட்ரூம், அம்மா ரூம் மூணுக்கும் பிஎல்டிசி ஃபேன், அதாவது கம்மி கரன்ட்ல ஓடுற மோட்டார் வச்ச ரிமோட் ஃபேன் மாத்தினேன். ஒண்ணு மூவாயிரத்துச் சொச்சம், சாதா ஃபேன் அதுல பாதிக்கு வந்திருக்கும்.

பெட்டியில 28 வாட்டுன்னு போட்டிருந்துச்சு, நான் சுலபத்துல நம்புற ஆள் இல்ல. வீட்ல ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு மீட்டர் கிட்ட போய் நின்னேன். டிஜிட்டல் மீட்டர்ல ஒரு சிவப்பு லைட் மின்னும் பாருங்க, எங்க மீட்டர்ல 3200 தடவை மின்னினா ஒரு யூனிட், அது மீட்டர் மேலயே எழுதியிருக்கும். பழைய ஃபேன் மட்டும் ஃபுல் ஸ்பீடுல ஓடுறப்ப அஞ்சு நிமிஷத்துல 20 தடவை மின்னுச்சு, கணக்கு போட்டா 75 வாட். புது ஃபேன் ஃபுல் ஸ்பீடுல எட்டே தடவை. 30 வாட்டுக்கு உள்ள வெளிய. ரெண்டு வாட்டுக்கு கம்பெனியோட சண்டைக்கா போக முடியும், பரவால்ல, சொன்னது உண்மைதான்.

ஆனா ஃபேன் மாத்தினா மட்டும் பில் பாதியாயிடும்னு கடையில சொல்றதை நம்பாதீங்க. மூணு ஃபேனும் சேர்ந்து ஒரு நாளைக்கு 38 மணி நேரம் ஓடுது, அப்படி ஓடியும் ரெண்டு மாசத்துக்கு மிச்சம் 100 யூனிட் சொச்சம்தான். போன வருஷம் அதே ஏப்ரல் மே பில் 480ல வந்து நின்னதுக்கு மீதி காரணம் ஏசி. முன்னாடி 22ல வச்சுட்டு பெட்ஷீட்டைப் போத்திக்கிட்டு தூங்குவோம் (சிரிக்காதீங்க, உங்க வீட்லயும் அதான்), இப்ப 26ல வச்சு ஃபேனை மூணாம் நம்பர்ல விட்டுடறோம், ரூம் முழுக்க குளிர் சுத்துது, ரெண்டு மணிக்கு மேல ஏசியை ஆஃப் பண்ணாக்கூட யாரும் எந்திரிக்கல. இந்த 26 பழக்கம் சாதா ஃபேனோடயும் வேலை செய்யும், காசு செலவு இல்லாத சமாச்சாரம், அதை முதல்ல பண்ணுங்க.

இன்னொண்ணு, காங்கிரீட் கூரை பகல் பூரா சூட்டைக் குடிச்சு வச்சுக்கிட்டு ராத்திரி கீழ இறக்கும், அப்ப எந்த ஃபேன் போட்டாலும் அந்த அனலைத்தான் தலையில கொட்டும். அதுக்கு இந்த ஃபேன் மருந்து இல்ல. மாடியில வெள்ளை கூலிங் பெயிண்ட் அடிச்ச பிறகுதான் ஹால்ல பத்து மணிக்கு மேல உட்கார முடிஞ்சுது. மேற்கு ஜன்னலை மத்தியானம் மூடி ஸ்கிரீன் போட்டுட்டு பொழுது சாஞ்சதும் எல்லாத்தையும் திறந்து விடுறதும் அம்மா காலங்காலமா சொன்னதுதான், நாங்கதான் கேக்கல.

இப்ப குறைக்கு வரேன். முதல் நாளே பிரச்சனை, மாட்டினவர் பழைய ரெகுலேட்டரைக் கழட்டாம அப்படியே விட்டுட்டார், அது பாதியில இருந்ததால ஃபேன் விக்கி விக்கி ஓடுச்சு. ரெகுலேட்டர் இல்லாம நேரா லைன் குடுக்கணும், மாட்டும்போதே நின்னு பாருங்க. அடுத்தது பதினாலாவது மாசம், ஒரு இடி மழை ராத்திரிக்கு அப்புறம் ஹால் ஃபேன் அசையல. நம்ம எலக்ட்ரீஷியன் ஏணி மேல ஏறிப் பார்த்துட்டு, "கண்டென்சர்னா இப்பவே மாத்திடுவேன்ண்ணே, இது உள்ள இருக்கிற சர்க்யூட் போர்டு, கம்பெனிக்காரன்தான் வரணும்"னு இறங்கிட்டார். கம்பெனி பேர் வேணாம். ஃபோன் பண்ணா கம்ப்ளெயின்ட் நம்பர் உடனே வந்துச்சு, ஆள் வர 11 நாள் ஆச்சு, அது மே மாசம்னு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. வாரன்டி இருந்ததால போர்டுக்கு காசு வாங்கல. அதனால வாங்குறப்ப காத்து எவ்வளவுன்னு கேக்குறதுக்கு முன்னாடி வாரன்டி எத்தனை வருஷம், சர்வீஸ் சென்டர் உங்க ஊர்லயே இருக்கான்னு கேளுங்க. ஸ்டார் ஸ்டிக்கர் 2023லேர்ந்து சீலிங் ஃபேனுக்கும் கட்டாயம், அதையும் பாருங்க.

கரன்ட் போச்சுன்னா இன்வெர்ட்டர் நல்லா தாங்குது, இது நான் எதிர்பார்க்காத லாபம். சத்தமும் இல்ல. கிச்சன்லயும் பூஜை ரூம்லயும் நான் மாத்தல, ஒரு மணி நேரம் ஓடுற இடத்துக்கு இவ்வளவு காசு போட்டா எப்ப திரும்பி வரும்? ஹால் ஃபேன் மாதிரி நாள் பூரா ஓடுற இடத்துல கூடுதலா குடுத்த காசு ஒன்றரை ரெண்டு வருஷத்துல வந்துடும்.

ரிமோட்தான் எங்க வீட்டு தலைவலி. "ஃபேன் போடறதுக்கு ரிமோட்டாடா"ன்னு அம்மா முதல் ஒரு மாசம் சுவிட்சுலயே போட்டு நிறுத்திக்கிட்டு இருந்தாங்க, அப்புறம் பழகிட்டாங்க, ஆனா ரிமோட் சோபா இடுக்குல போயிடும், பையன் எடுத்துட்டுப் போயிடுவான், ராத்திரி புழுங்கறப்ப தேட வேண்டியிருக்கும். இப்ப அவங்க ரூம் ரிமோட்டை ஜன்னல் கம்பியில நாடா போட்டு கட்டி வச்சிருக்காங்க.