பழைய ஆலய ஆர்கனுக்குச் சுழல் ஸ்பீக்கரா, டிஜிட்டல் பெடலா?

ஆலயத்தில் இருக்கும் பழைய டோன்வீல் ஆர்கனின் (உள்ளே சுழலும் பல்சக்கரங்களால் ஒலி உண்டாக்கும் மின் ஆர்கன்) சத்தம் மங்கிப்போனால், பெரும்பாலும் இரண்டு யோசனைகள் வரும். சுழல் ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை வாங்கி இணைப்பது ஒன்று. அந்தச் சுழலும் ஒலியைப் போலச் செய்யும் டிஜிட்டல் பெடலை இடையில் வைத்து, ஆலயத்து மிக்சரிலேயே கொடுத்துவிடுவது இன்னொன்று. நாங்கள் பெடலில் தொடங்கிச் சுழல் பெட்டிக்கு வந்து சேர்ந்தவர்கள். என் மனம் எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

எந்த வழியானாலும் முதலில் ஆர்கனின் உள்ளே பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை விட வேண்டிய எண்ணெய், காய்ந்துபோன கெபாசிட்டர்கள், அழுக்கேறிய டிராபார்கள் (ஒலியின் தன்மையை மாற்ற இழுக்கும் கட்டைகள்). ஓயாமல் ‘ம்ம்ம்’ என்று இரைந்தால் பவர் சப்ளை கெபாசிட்டர்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதை அப்படியே விட்டுவிட்டு ஸ்பீக்கரை மாற்றினால் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயருக்குள் சில நூறு வோல்ட் ஓடும், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். பழகியவர்தான் கைவைக்க வேண்டும்.

பெடல் வழியின் நன்மைகள் வெளிப்படை. எடை இல்லை, இடம் அடைக்காது, சத்தத்தை மிக்சரில் இருப்பவரே பார்த்துக்கொள்வார். ஆனால் ஹாமண்ட் போன்ற டோன்வீல் ஆர்கன்களில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் போகும் சிக்னல் மிக்சருக்கு மிக அதிகம். அதைக் குறைத்துக் கொடுக்க நடுவில் ஓர் அடாப்டர் வேண்டும்.

சுழல் பெட்டியில் நடப்பது வேறு. ஹாமண்ட் ஆர்கன் 1935இல் சந்தைக்கு வந்தது. அதற்கென டான் லெஸ்லி உருவாக்கிய பெட்டியில் 800 ஹெர்ட்ஸுக்கு மேலான ஒலி சுழலும் ஹார்ன் வழியாகவும், கீழான ஒலி 15 அங்குல ஸ்பீக்கருக்கு அடியில் சுழலும் டிரம் வழியாகவும் வெளியேறும். ஹார்னுக்கு இரண்டு வாய்கள் இருந்தாலும் ஒலி வருவது ஒன்றில்தான், மற்றது எடைச் சமநிலைக்கு. வேகமாகச் சுழலும்போது நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்று. அந்த ஒலி சுவர்களில் பட்டுப் பட்டுத் திரும்பி ஆலயத்தை நிறைக்கிறது. பெடலில் அந்த அசைவு கேட்கிறது, ஆனால் இடம் அசைவதில்லை.

இருந்தாலும் என்னை மாற்றியது ஒலி மட்டுமல்ல, பராமரிப்பு. எங்கள் பெடல் ஒரு ஞாயிறு ஆராதனைக்கு நடுவில் நின்றுபோனது. பழுது பார்க்கக் கொடுத்தால், “அந்த மாடலுக்குப் பாகம் வருவதில்லை, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார்கள். 60 வயதான ஆர்கன் ஓடிக்கொண்டிருக்க, சில வயதே ஆன பெடல் குப்பைக்குப் போனது. அதே சமயம் பழையதாக வாங்கிய சுழல் பெட்டியில் பெல்ட் நழுவியபோது, பின்பலகையைக் கழற்றிப் புதியதை மாட்டச் சில நிமிடங்களே ஆயின. பெல்ட், மோட்டாருக்கு எண்ணெய், எப்போதாவது வால்வு. கெடுவது எல்லாமே கண்ணுக்குத் தெரியும் பாகம், தனியாக மாற்றக்கூடியது. ஆலயத்துப் பொருள் ஒருவர் பொறுப்பிலிருந்து இன்னொருவர் பொறுப்புக்குக் கைமாறிக்கொண்டே இருக்கும். அடுத்து வருபவரும் பழுதுபார்க்க முடிய வேண்டும் என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

குறைகளும் உண்டு. பெரிய மரப்பெட்டி 60 கிலோவைத் தாண்டும், மாடியில் ஏற்றுவது வேதனை. எங்கள் ஆலயம் நடுத்தர அளவு. மிகப் பெரிய ஆலயத்தில் நான் வைத்துப் பார்த்ததில்லை. அங்கே பெட்டிக்கு முன் மைக் வைக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆர்கனில் காலால் வாசிக்கும் கட்டைகளின் மிகத் தாழ்ந்த சுரம் 33 ஹெர்ட்ஸுக்கு அருகில் விழுகிறது. அதைச் சுழல் பெட்டியும் முழுமையாகத் தராது, ஆலயத்துச் சாதாரண ஸ்பீக்கரும் தராது. அந்த ஆழம் வேண்டுமென்றால் சப்வூஃபர்தான்.

அப்புறம், பழைய பெட்டி வாங்குபவர்களுக்கு ஒன்று. லெஸ்லி பெட்டியின் 122, 147 ஆகிய இரண்டு மாடல்களிலும் 6 முனை பிளக்தான், ஒன்றுக்கான கேபிள் மற்றதில் அழகாகப் பொருந்தும். ஆனால் உள்ளே இணைப்பு வேறு, மாற்றிச் செருகினால் சேதம் வரலாம். உங்கள் ஆர்கன் இந்த இரண்டில் எந்த மாடலுக்காக அமைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.