கோட்ஓனர்ஸ்: நான்கு வருடப் பழக்கம், ஒரு 85 டிகிரி

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "எங்க ப்ராஜெக்டுக்கும் வெளியாட்கள் மாட்யூல் அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க. நீங்க கோட்ஓனர்ஸ் கோப்பு வெச்சுத்தானே சமாளிக்கிறீங்க, அது பரவாயில்லையா?" எந்த ஃபோல்டருக்கு யார் பொறுப்பு, அதாவது யார் உரிமையாளர், என்று வரி வரியாக எழுதிவைக்கும் கோப்பு அது. ஒரு வரியில் பதில் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மூன்று தடவை அழித்து எழுதியும் வசவாகவே வந்தது. அதனால் இந்த நீளமான பதிவு.

எங்களுடையது சென்சார்களின் அளவுகளைப் படித்துச் சேமிக்கும் சின்ன மென்பொருள். மையப் பகுதியைப் பார்த்துக்கொள்வது மூன்றே பேர். சென்சாருக்கு ஒரு மாட்யூல், அதாவது தனி நிரல் துண்டு; அதில் முக்கால்வாசி வெளியாட்கள் எழுதித் தந்தவை. அந்த சென்சார்களில் பாதியை நாங்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஒரு மாட்யூலில் மாற்றம் செய்து யாராவது புல் ரிக்வெஸ்ட் (இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்பினால், சரிபார்க்கச் சொல்லி அதன் உரிமையாளருக்குத் தானாக ரிவியூ போகும்.

முதல் வருடம் தேனாக ஓடியது, அதை மறைக்க மாட்டேன். ஒருவர் தன் சென்சார் ஈரப்பதத்தை எப்போதும் பூஜ்யம் என்றே காட்டுகிறது என்று சொல்லி, ஒரு திருத்தமும் அனுப்பினார். நான் பார்த்திருந்தால் நிரலில் ஒரு வாரம் முட்டிக்கொண்டிருப்பேன். அந்த மாட்யூலின் உரிமையாளர் இருபது நிமிடத்தில் பதில் போட்டார்: "சிப் ஐடியைப் பாருங்கள். ஹெக்ஸில் 60 வந்தால் பிஎம்இ280. உங்களுக்கு 58 வருகிறது, அது பிஎம்பி280. ஈரப்பதம் அளக்கிற வேலையே அதற்குக் கிடையாது." இரண்டு போர்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்குமாம். சரியான கேள்வி சரியான ஆளிடம் தானாகப் போய்ச் சேர்ந்த அன்று, இந்தக் கோப்புக்குக் கோயில் கட்டலாம் போலிருந்தது.

இப்போது என் தீராத எரிச்சலுக்கு வருகிறேன். கோப்பில் ஒருவர் பெயர் போட்டால் மட்டும் போதாது. அவருக்கு ரெப்போவில், அதாவது மொத்த நிரலும் இருக்கும் கிடங்கில், எழுதும் அனுமதியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வரி செல்லாது. ஒரே ஒரு ஃபோல்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல, வீட்டுச் சாவியையே கொடுக்கிற ஏற்பாடு இது. மெயின் கிளையை, அதாவது நிரலின் முதன்மைப் பிரதியை, பூட்டிவைக்கலாம்தான். ஆனால் மற்ற கிளைகள், டேக்குகள் (பதிப்புக் குறிகள்) என்று ஒவ்வொன்றையும் தேடித் தேடிப் பூட்ட வேண்டும். மூன்று பேர் ஓய்வு நேரத்தில் நடத்துகிற ப்ராஜெக்டில் இதற்கெல்லாம் யார் உட்காருவது?

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் விவகாரம் வெடித்தது. இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பொறுமையாகப் பங்களித்து, நம்பிக்கையைப் பெற்று, பராமரிப்பாளர் ஆன ஒரு கணக்கிலிருந்துதான் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் பின்கதவு போனது. எஸ்எஸ்ஹெச் (வேறொரு கணினிக்குள் தொலைவிலிருந்து நுழையும் வழி) லாகின் அரை விநாடி தாமதமானதை ஒரு பொறியாளர் விடாமல் துருவியதால் பிடிபட்டது. நாங்களும் அரண்டுபோய், ஒரு வருடமாக எட்டிப் பார்க்காத எல்லோருடைய எழுதும் அனுமதியையும் ஒரே மாலையில் எடுத்துவிட்டோம். நல்ல காரியம் செய்த திருப்தியோடு தூங்கினேன்.

அந்த மாலையிலேயே கோட்ஓனர்ஸில் பதினொரு வரிகள் செத்துப்போயின. எங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. அந்தக் கோப்பையே திறந்து பார்த்தால்தான் தவறு என்று காட்டுமாம். அதை யார் தினமும் திறந்து பார்க்கிறார்கள்? உரிமையாளர் ஒப்புதல் இல்லாமல் எந்த மாற்றமும் மெர்ஜ் ஆகக் கூடாது, அதாவது மைய நிரலில் சேரக் கூடாது என்று பூட்டும் போட்டிருந்தோம். உரிமையாளரே இல்லாத கோப்புக்கு யார் ஒப்புதல் தருவது? பூட்டு தானாகத் திறந்துகொண்டது.

சில மாதம் கழித்து டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சாரின் மாட்யூலுக்கு ஒரு புல் ரிக்வெஸ்ட் வந்தது. தலைப்பு "வேகப்படுத்தல்". உள்ளே ஒரே ஒரு எண் மாற்றம்: 750 மில்லிவிநாடிக் காத்திருப்பு 200 ஆகியிருந்தது. தானாக ஓடும் டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். டெஸ்டில் இருப்பது போலி சென்சார், அது எப்போதும் பச்சைதான். மெர்ஜ் பொத்தானை அழுத்தியது நான்.

12 பிட் துல்லியத்தில் அந்த சென்சார் வெப்பநிலையை மாற்றித் தர 750 மில்லிவிநாடி வரை எடுத்துக்கொள்ளும். அதற்குள் படித்தால் முந்தைய அளவையே தரும். மின்சாரம் இப்போதுதான் வந்தது என்றால் முந்தைய அளவு ஏது? அதன் தொடக்க மதிப்பான 85 டிகிரியைத் தரும். ஆக, மற்ற நேரம் முழுக்க ஒரு சுற்று பழைய அளவு; அதை ஒருவரும் கவனிக்கவில்லை. மின்சாரம் போய் வந்தால் மட்டும் 85. "என் படுக்கையறை ஏன் கொதிக்கிறது?" என்று ஒருவர் படத்தோடு கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பழைய உரிமையாளருக்கு எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில்: "எனக்கு ரிவியூவே வரவில்லையே. நீங்களே பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நினைத்தேன்." இத்தனை நாளாக அவர் ஊர் உலகத்தில் இல்லை என்று நாங்கள் முடிவு கட்டி வைத்திருந்தோம்!

அதன் பிறகு ஒரு வேலை செய்தோம். லினக்ஸ் கெர்னலின் மெயின்டெய்னர்ஸ் கோப்பில் 'ஆர்ஃபன்' என்று ஒரு நிலை உண்டு, பராமரிக்க ஆளில்லை என்று பொருள். அதைப் பார்த்து நாங்களும் செத்த பதினொரு வரிகளையும் எடுத்துவிட்டு, அந்த மாட்யூல்களின் ரீட்மியில் (அறிமுகக் கோப்பில்) முதல் வரியாக "இதற்கு ஆளில்லை" என்று போட்டோம். உதவி வேண்டும் என்று நாங்கள் வருடக்கணக்கில் கெஞ்சியபோது அசையாதவர்கள், தாங்கள் பயன்படுத்துகிற மாட்யூலில் அந்த இரண்டு சொல்லைப் பார்த்ததும் பதறிப்போய் வந்தார்கள். ஆறு மாட்யூல்களுக்கு ஆள் கிடைத்தது. நான்கு வருடத்தில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். ஆனால் இதற்கும் கோட்ஓனர்ஸுக்கும் சம்பந்தமில்லை, ரீட்மி போதும்.

மதிப்பெண் கேட்டால் இன்றைக்கு ஐந்துக்கு இரண்டு. 85 டிகிரிக்கு முன்னால் கேட்டிருந்தால் நான்கு கொடுத்திருப்பேன். நண்பருக்குக் கடைசியில் இப்படி அனுப்பினேன்: "வெளி மாட்யூலை உள்ளே எடுக்காதீங்க. அவங்க அவங்க ரெப்போல வெச்சுக்கட்டும், நீங்க லிங்க் மட்டும் குடுங்க."

அனுப்பிய அன்றிரவே ஒரு புதிய மண் ஈரப்பத மாட்யூல் வந்தது. ஆவணம் சுத்தம், டெஸ்ட் சுத்தம். கோட்ஓனர்ஸில் தன் பெயரையும் அவரே ஒரு வரியாகச் சேர்த்திருந்தார். நேற்று மெர்ஜ் செய்துவிட்டேன். எழுதும் அனுமதி இன்னும் கொடுக்கவில்லை.